வெல்டிங் கேஸ் சிலிண்டர்: வாடகையா, சொந்தமா?

உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் 14 கிலோ எரிவாயுத் தோங் யாருக்குச் சொந்தம்? "எங்களுக்குத்தான்" என்று பலரும் சட்டென்று சொல்வீர்கள். ஆனால், எரிவாயு தீர்ந்ததும் என்ன நடக்கிறது? கடைக்காரர் காலித் தோங்கை எடுத்துக்கொண்டு நிறைந்த வேறொரு தோங்கை வைத்துவிட்டுப் போகிறார். சென்ற மாதம் உங்கள் வீட்டில் இருந்த தோங் இப்போது வேறு யார் வீட்டிலோ இருக்கும். அதன் மேல் பதிந்திருப்பது எரிவாயு நிறுவனத்தின் பெயர். நாம் வாங்குவது உள்ளே இருக்கும் வாயுவை மட்டும்தான்.

இரும்பை இணைக்கும் வெல்டிங் பட்டறைகளில் இந்தக் கேள்வி பணக் கேள்வியாகவே வந்து நிற்கிறது. என்னிடம் படித்து, பின்னர் தொழிற்கல்லூரியில் வெல்டிங் பயின்ற மாணவர் ஒருவர் வாரயிறுதிகளில் வீட்டுக்குப் பின்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட், கிரில் செய்யும் சிறு வேலையைத் தொடங்க விரும்புகிறார். "சார், ஆர்கன் சிலிண்டரை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். வாடகை கட்டுவது ஆற்றில் போட்ட காசு என்பது அவர் அப்பாவின் கருத்து. முதல் போட்டு முடக்காதே, வாடகைக்கே எடு என்பது நண்பரின் கருத்து. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் பாதி சரி என்பது என் எண்ணம். வேலை எவ்வளவு, வாயு எது என்ற இரண்டையும் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதல் கேள்விக்கு நீங்கள் கற்ற கணிதம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அறிவியல் வேண்டும். சிலிண்டர் வாங்கப் போகிற பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

வாயு எதற்கு?

வெல்டிங் செய்யும்போது உலோகம் உருகிக் குழம்பாகிறது. அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தோடு கலந்தால் இணைப்பில் நுண்ணிய துளைகள் விழும். இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். வெளியே பளபளவென்று தெரியும் கேட், ஒருநாள் கீலோடு கழன்று விழலாம். ஆகவே, உருகிய இடத்தைக் காற்றிலிருந்து மறைக்க ஒரு போர்வை வேண்டும். வெல்டிங் துப்பாக்கியின் முனையிலிருந்து மெல்ல வெளிவரும் வாயுதான் அந்தப் போர்வை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை டிக் முறையில் இணைப்பவர்கள் தூய ஆர்கனைப் பயன்படுத்துகிறார்கள். தனிம அட்டவணையின் 18ஆம் தொகுதியில் இருக்கும் மந்த வாயு அது. காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு இருக்கிறது. எதனோடும் எளிதில் வினைபுரியாத அதன் குணம்தான் இங்கே நமக்கு உதவுகிறது. சாதாரண இரும்பை மிக் முறையில் இணைப்பவர்கள் கார்பன் டைஆக்சைடையோ, ஆர்கனும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்த கலவையையோ பயன்படுத்துவார்கள். அசிட்டிலினின் வேலை வேறு. ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து 3,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சுடரைத் தரும் எரிபொருள் அது.

சிலிண்டர் இல்லாமலும் வெல்டிங் செய்யலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்புக் கேட்டுகளில் பெரும்பகுதி வேலை, பூச்சு பூசிய எலெக்ட்ரோட் குச்சியாலேயே முடிந்துவிடும். அந்தப் பூச்சு எரியும்போது தானே வாயுவை உண்டாக்கி உருகிய உலோகத்தைக் காக்கிறது. ஆகவே, வாடகையா சொந்தமா என்று கேட்பதற்கு முன், "இந்த வேலைக்குச் சிலிண்டர் வேண்டுமா?" என்று கேட்பது நல்லது. அந்த மாணவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை என்பதால் ஆர்கன் தேவைதான்.

ஒரு சிலிண்டரில் எத்தனை நிமிடம்?

இங்கே நான்காம் படிவத்தில் நீங்கள் படிக்கும் பாயில் விதி கைகொடுக்கிறது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் ஒரே விடை வரும். ஆளுயரம் நெருங்கும் பெரிய சிலிண்டரின் உட்கொள்ளளவு 47 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிரப்பிய அழுத்தம் 150 பார். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அப்படியானால், உள்ளே அடைத்திருக்கும் ஆர்கனை வெளியே விட்டால் அதன் கொள்ளளவு

47 × 150 = 7,050 லிட்டர்.

இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் உண்மையான வாயுக்கள் விதியிலிருந்து சற்று விலகும். நம் மதிப்பீட்டுக்கு இந்தக் கணக்கு போதும்.

டிக் வெல்டிங்கில் ஒரு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆர்கன் செலவாவதாகக் கொள்வோம். 7,050ஐ 10ஆல் வகுத்தால் 705 நிமிடம், அதாவது 11 மணி 45 நிமிடம். இது பட்டறை திறந்திருக்கும் நேரம் அன்று. வாயு வெளிவரும் நேரம் மட்டுமே. குழாயை அளப்பது, அறுப்பது, தேய்ப்பது, தேநீர் குடிப்பது எல்லாம் இதில் சேராது. வாரயிறுதியில் எட்டு மணி நேரம் பட்டறையில் நின்றவரும் அரை மணி நேரம்தான் சுடர் பிடித்திருப்பார்.

இந்தப் பெரிய சிலிண்டரின் இரும்பு மட்டுமே 50 முதல் 60 கிலோ வரை எடையிருக்கும். உள்ளே இருக்கும் ஆர்கன் ஏறத்தாழ 12 கிலோ. 12 கிலோ வாயுவுக்காக அதைப்போல நான்கைந்து மடங்கு எடையுள்ள இரும்பைச் சுமக்கிறோம். சிலிண்டரை யார் ஏற்றி இறக்குவது என்ற கேள்வியும் விலையில் ஒரு பகுதிதான். வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் லோரி வாசலுக்கு வரும். சொந்தமாக வைத்திருப்பவர் பெரும்பாலும் தாமே கொண்டுபோக வேண்டும். மூடிய காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு போவது தவறு. ஆர்கன் கசிந்தால் மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. காற்றைவிடக் கனமான அது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுத்திணற வைத்துவிடும்.

வாடகை நாளை எண்ணும். வாயு நிமிடத்தை எண்ணும்

இனி பணக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை விசாரித்து அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சிலிண்டருக்கு மாத வாடகை 20 ரிங்கிட். ஒரு முறை ஆர்கன் நிரப்ப 120 ரிங்கிட்.

முதலாவது பட்டறை, நாள் முழுவதும் இயங்குவது. அங்கே ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வாயு வெளிவருகிறது. ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 4 நாளில் தீர்ந்துவிடும். மாதம் 24 வேலைநாள் என்றால் 6 முறை நிரப்ப வேண்டும். வேலை நின்றுவிடாமல் இருக்க எப்போதும் 2 சிலிண்டர் கையில் இருக்கும். வாடகை 40 ரிங்கிட், வாயுச் செலவு 720 ரிங்கிட். வாடகை என்பது வாயுச் செலவில் 6 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவது, நம் மாணவரின் வாரயிறுதிப் பட்டறை. வாரத்துக்கு 30 நிமிடம்தான் வாயு வெளிவருகிறது. 705 நிமிட வாயு தீர 23 வாரத்துக்கு மேல் ஆகும், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மாதம். அதற்குள் வாடகை மட்டும் சுமார் 108 ரிங்கிட் சேர்ந்துவிடும். 120 ரிங்கிட் வாயுவுக்கு 108 ரிங்கிட் வாடகை!

இரண்டு பட்டறைக்கும் வாடகை விகிதம் ஒன்றுதான், வாயுவின் விலையும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு வாடகை தூசு, மற்றவருக்குச் சுமை. சிலிண்டர் மூலையில் சும்மா நின்றாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். வேலை குறைந்தவர்தான் வாயுவின் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக வாடகை கட்டுகிறார். "கொஞ்சமாகத்தானே பயன்படுத்துகிறேன், எனக்கு எதற்குச் சொந்தச் சிலிண்டர்?" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கு அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது.

இரண்டு கோடுகளை வரையுங்கள்

இப்போது வரைபடத் தாளை எடுங்கள். கிடை அச்சில் மாதங்கள், நெடு அச்சில் ரிங்கிட். வாயுவின் விலையை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

வாடகைக் கோடு பூச்சியத்தில் தொடங்கி மாதத்துக்கு 20 ரிங்கிட் ஏறும். சமன்பாடு y = 20x.

வாங்கும் கோடு உயரத்தில் தொடங்கும். புதிய சிலிண்டர் 800 ரிங்கிட் என்போம். அதோடு, சிலிண்டரைக் குறித்த காலத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்ப வேண்டும். 5 ஆண்டுக்கு 120 ரிங்கிட் சோதனைச் செலவு என்றால் மாதத்துக்கு 2 ரிங்கிட். சமன்பாடு y = 800 + 2x.

இரண்டு கோடும் சந்திக்கும் இடம் எது? 20x = 800 + 2x. எனவே x = 44.4. ஏறத்தாழ 3 ஆண்டு 8 மாதத்துக்குப் பிறகு சொந்தச் சிலிண்டர் லாபம் தரத் தொடங்கும். நல்ல எஃகுச் சிலிண்டர் முறையாகப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆகவே, இந்தத் தொழிலில் நிலைத்து நிற்கப் போகிறவருக்கு வாங்குவது நல்லது. ஓராண்டு பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைப்பவருக்கு வாடகை நல்லது. பிற்பாடு பாதி விலைக்கு விற்க முடியும் என்றால் 800 என்ற இடத்தில் 400 வரும், சந்திக்கும் புள்ளி 22 மாதத்துக்கு வந்துவிடும்.

சிறிய சிலிண்டர் என்ற வழியும் இருக்கிறது. 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பாரில் 1,500 லிட்டர் ஆர்கன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம். வாரயிறுதிக்காரருக்கு 5 வாரம் வரும். விலை குறைவு, தூக்குவதும் எளிது. ஆனால் பெரியதை நிரப்பும் அதே உழைப்பு சிறியதை நிரப்பவும் தேவைப்படுவதால், லிட்டர் கணக்கில் பார்த்தால் வாயுவின் விலை கூடுதலாகவே இருக்கும்.

இதுவரை பார்த்தால் அப்பா சொன்னதுதான் சரி என்று தோன்றும். அந்த y = 800 + 2x என்ற கோட்டில் 2 என்ற சின்ன எண் ஒன்று இருக்கிறதல்லவா? கட்டுரையின் மீதிப் பாதி அதைப் பற்றியது.

அந்த 2 ரிங்கிட் எதற்கு?

150 பார் என்றால் சிலிண்டரின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேலும், அதாவது உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேலும், சுமார் 150 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். இந்த வாயு ஒரே நொடியில் விரிந்து வெளியேறினால் வெளிப்படக்கூடிய ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 900 கிலோஜூல் வருகிறது. 1 டன் எடையுள்ள சிறிய காரை 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. mgh என்ற சூத்திரத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதனோடும் வினைபுரியாத "சாதுவான" ஆர்கனுக்கே இந்தக் கதை. தீப்பிடிக்காத வாயு என்பதால் ஆபத்தில்லாத சிலிண்டர் என்று நினைத்துவிடக் கூடாது. வால்வு உடைந்தால் சிலிண்டரே ஏவுகணை போலப் பாயும். அதனால்தான் பட்டறைகளில் அதை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் கட்டுகிறார்கள். நகர்த்தும்போது வால்வுக்கு மூடி போடுகிறார்கள்.

நம் நாட்டின் ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். கீழே விழுந்து அடிபட்ட சிலிண்டரில் பள்ளம் விழும். உள்ளே ஈரம் புகுந்தால் வெளியே தெரியாமல் உட்சுவர் அரித்துப் போகும். இவற்றைக் கண்டுபிடிக்கத்தான் காலமுறைச் சோதனை. வாயுவையும் விதிமுறையையும் பொறுத்து, பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுக்கு ஒரு முறை இது நடக்கும்.

சோதனை செய்யும் முறையே நல்ல இயற்பியல் பாடம். சிலிண்டரில் நீரை நிரப்பி, பயன்படுத்தும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தைக் கொடுக்கிறார்கள். சுவர் சற்று விரிகிறது. அழுத்தத்தை நீக்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். ரப்பர்ப் பட்டையை இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கு வருகிறதல்லவா, அதுபோல. திரும்பாமல் அளவுக்கு மேல் நிரந்தரமாக விரிந்து நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டர் தேறவில்லை என்று பொருள்.

ஏன் நீர்? ஏன் காற்றை அடைத்துச் சோதிக்கக் கூடாது? நீரை அழுத்திச் சுருக்குவது மிகக் கடினம். 225 பார் அழுத்தத்திலும் அது ஏறத்தாழ 1 விழுக்காடுதான் சுருங்கும். ஆகவே, அதற்குள் சேரும் ஆற்றல் சுமார் 5 கிலோஜூல் மட்டுமே. சிலிண்டர் சோதனையின்போது பிளந்தாலும் நீர் கசியும், அவ்வளவுதான். வாயு என்றால் பல நூறு கிலோஜூல் ஒரே கணத்தில் சீறியிருக்கும்.

வாடகைச் சிலிண்டரில் இந்த வேலை முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. வால்வைப் பார்ப்பது, துருவைப் பார்ப்பது, சோதனைத் தேதி தப்பாமல் அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. நீங்கள் கட்டும் 20 ரிங்கிட்டில் அந்தக் கவனிப்பும் அடங்கியிருக்கிறது. சொந்தமாக வாங்கியவர் அந்தக் கவனிப்பையும் தாமே ஏற்கிறார். அந்தப் பொறுப்புக்கான செலவைத்தான் நம் சமன்பாட்டில் 2 ரிங்கிட் என்று எழுதினோம். அதைக் கட்டாமல் விட்டால் சமன்பாடு இன்னும் லாபமாகத் தெரியும், பட்டறை ஆபத்தாக மாறும்.

அசிட்டிலின் விஷயத்தில் பேரம் வேண்டாம்

ஆர்கன் சிலிண்டரை நீரால் சோதிக்கலாம். அசிட்டிலின் சிலிண்டரை அப்படிச் சோதிக்க முடியாது. காரணம், அது வெற்றுக் குடுவை அன்று.

அசிட்டிலின் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. அந்த மூலக்கூறு நிலையற்றது. அழுத்தம் கூடினால், ஆக்சிஜன் துளியும் இல்லாமலேயே, கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைந்து பெரும் வெப்பத்தை வெளியிடும். ஒவ்வொரு மோலுக்கும் சுமார் 227 கிலோஜூல். அதனால் தனி அசிட்டிலினை வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் வரைதான் பயன்படுத்தலாம் என்பது பட்டறை விதி. 150 பாரில் அடைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பிறகு எப்படிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள்? சிலிண்டர் முழுவதும் கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளை நிரப்புகிறார்கள். அந்தத் துளைகளில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். 1 லிட்டர் அசிட்டோன், சாதாரண அழுத்தத்திலேயே ஏறத்தாழ 25 லிட்டர் அசிட்டிலினைக் கரைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் இன்னும் அதிகம் கரையும். சோடா புட்டியில் கார்பன் டைஆக்சைடு கரைந்திருப்பதைப் போல. எங்காவது சிதைவு தொடங்கினாலும் நுண்துளைகள் அதைப் பரவவிடாமல் தடுக்கின்றன.

இந்தத் துறையில் பெரும்பங்கு ஆற்றியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டாலன். கலங்கரை விளக்குகளை அசிட்டிலினால் எரியவைக்கும் தானியங்கிக் கருவிகளுக்காக 1912ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டில் அசிட்டிலின் சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்த வெடிப்பில் அவர் பார்வையை இழந்தார். உலகிலேயே அந்த வாயுவை நன்கு அறிந்தவர்களில் ஒருவருக்கே இந்த நிலை.

இப்போது யோசியுங்கள். பழைய அசிட்டிலின் சிலிண்டர் ஒன்று கைக்கு வருகிறது. உள்ளே இருக்கும் நுண்துளைப் பொருள் நொறுங்கி எங்காவது வெற்றிடம் விழுந்திருக்கிறதா? படுக்கவைத்தோ, வாயுவை வேகமாக இழுத்தோ பயன்படுத்தியதால் அசிட்டோன் வெளியேறிக் குறைந்துவிட்டதா? வெளியிலிருந்து உங்களால் சொல்ல முடியாது. நிரப்பும் இடத்தில்தான் எடைபோட்டு அசிட்டோன் அளவைச் சரிபார்ப்பார்கள், திறந்து பார்த்து உள்ளிருக்கும் பொருளை ஆராய்வார்கள். தீயில் சூடான அசிட்டிலின் சிலிண்டர், தீ அணைந்து பல மணி நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம். அதன் கடந்த காலம் தெரியாமல் அதைச் சொந்தமாக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

ஆகவே என் கருத்து உறுதியானது. அசிட்டிலின் என்றால் வாடகைதான். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி.

கார்பன் டைஆக்சைடின் ஏமாற்று வேலை

கார்பன் டைஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாகவும் அதன் மேல் வாயுவாகவும் இருக்கும். 20 பாகை செல்சியசில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 57 பார். வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். ஆகவே கடைசித் துளித் திரவம் இருக்கும் வரை அழுத்தமானி ஏறத்தாழ அதே எண்ணைத்தான் காட்டும். "இன்னும் நிறைய இருக்கிறது" என்று நம்பி வேலையை ஒப்புக்கொண்டவருக்கு நடுவேலையில் தீர்ந்துபோகும். நம் நாட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. 31 பாகைக்கு மேல் கார்பன் டைஆக்சைடு, எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக இருக்காது. தகரக் கூரைக்குக் கீழே மதியம் 2 மணிக்கு அந்த எல்லையைத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். அப்போது அழுத்தமானி காட்டும் எண்ணும் வெயிலுக்குத் தகுந்தபடி ஏறும்.

இதற்கு நம்பகமான கருவி தராசுதான். சிலிண்டரின் தோள்பகுதியில் வெறும் எடை பொறித்திருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மீதி வாயுவின் எடை. சொந்தமோ வாடகையோ, எடைபோட்டு வாங்குங்கள், எடைபோட்டுத் திருப்பிக் கொடுங்கள். வாடகைச் சிலிண்டரை மாற்றும்போது உள்ளே மிச்சமிருக்கும் வாயுவுக்கு நீங்கள் கட்டிய பணமும் சேர்ந்தே போகிறது என்பதை மறக்காதீர்கள்.

"மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா?"

இணையத்திலும் பழைய இரும்புக் கடைகளிலும் பாதி விலைக்குச் சிலிண்டர் விற்பனைக்கு வரும். சற்றுப் பொறுத்து, அதன் தோள்பகுதியைப் படியுங்கள். வரிசை எண், வெறும் எடை, கொள்ளளவு, சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவை அங்கே இருக்க வேண்டும். யாராவது அந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சோதனைத் தேதி காலாவதியாகியிருந்தால் சோதனைச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். தேறாமல் போனால் நீங்கள் வாங்கியது பழைய இரும்பு. எரிவாயு நிறுவனத்தின் பெயர் அதில் பொறித்திருந்தால், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருப்பது ஐயத்துக்குரியது. வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தராத சிலிண்டராக அது இருக்கலாம். அதை நிரப்பித் தர மற்ற நிறுவனங்களும் முன்வரமாட்டார்கள். நிரப்ப முடியாத சிலிண்டர் எவ்வளவு மலிவானாலும் நட்டம்தான்.

வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சிலிண்டர் வண்ணங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும்; பழைய சிலிண்டருக்கு யார் வேண்டுமானாலும் சாயம் பூசலாம். வில்லையில் எழுதியிருக்கும் வாயுவின் பெயரைப் படியுங்கள். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்ப் பசை இருந்தால் தொடாதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே தீப்பற்றும். ஐயம் இருந்தால், நம் நாட்டில் ஜே.கே.கே.பி. எனப்படும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் கேட்கலாம்.

என் முடிவு

அந்த மாணவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தொழில் நிலைக்குமா என்று தெரியாத முதல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுக்கலாம். அந்த ஓராண்டில் ஒரு குறிப்பேட்டில் வாயு வெளிவந்த நிமிடங்களை எழுதி வர வேண்டும். வேலை தொடரும் என்று தெரிந்ததும், புதிய அல்லது சோதனைத் தேதி செல்லுபடியாகும் ஆர்கன் சிலிண்டரை வாங்கலாம். வாங்கும் முன், அதை நிரப்பித் தருவோம் என்று எரிவாயுக் கடையிடம் எழுத்தில் பெற வேண்டும். அசிட்டிலினுக்கு எப்போதும் வாடகை. நாள் முழுவதும் இயங்கும் பட்டறை என்றால் எல்லாவற்றுக்கும் வாடகையே போதும். அங்கே வாடகை சிறு தொகைதான், லோரியும் சோதனையும் அதில் கிடைக்கின்றன.

"வாடகை வீண் செலவு" என்ற பேச்சை நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறோம். வீட்டுக்கு அது பொருந்தலாம். உயர் அழுத்தத்தில் வாயுவை அடைத்து வைத்திருக்கும் சிலிண்டருக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. சொந்தமாக்கிக்கொள்ளும் பொருளைச் சோதிக்கவும் பராமரிக்கவும் நம்மால் முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால், முடிந்தவருக்கு வாடகை கொடுப்பது வீண் அன்று.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வட்டாரத்தில் தெரிந்த வெல்டிங் பட்டறை இருந்தால், பெரியவர் ஒருவரோடு சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாத வாடகை எவ்வளவு? ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? கடைசியாகச் சோதித்த தேதி என்ன? முதல் இரண்டு விடைகளை வைத்து உங்கள் வரைபடத்தில் கோடுகளை வரையுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பட்டறைக்காரர் உடனே சிலிண்டரின் தோள்பகுதியைத் துடைத்துத் தேதியைக் காட்டினால், அவரிடம் தொழில் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.